வீட்டில் எல்லாரும் ஏறணும்

மன்னார்குடி அரசு மருத்துவமனையில்
எடைமெஷின் மேல் பையனை ஏற்றிவிட்டு
நான் தள்ளி நின்றேன்,
கொள்முதல் நிலையத்தில்
மூட்டையை இறக்கியவன் நிற்பதுபோல.

ஐம்பத்தொன்பது.
பத்து வயதுக்கு.

ரெஜினா மேடம் அவனை ஒன்றும் சொல்லவில்லை.
"நீங்க ஏறுங்க" என்றார் என்னிடம்.
செல்போனை எடுத்து வைத்தேன். சாவியை. சில்லறையை.
பெல்ட்டில் கை போனதும்
அபினேஷ் சிரித்துவிட்டான்.
அந்த ஆஸ்பத்திரி வாசனைக்குள் அது
எங்கிருந்தோ வந்த சிரிப்பு.

தொண்ணூற்றாறு.

தவமணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.
எண் வருவதற்குள் குனிந்து
கையால் மூடிக்கொண்டாள்.

"பையனுக்குத் தனித் தட்டு, தனிச் சமையல் வேண்டாம்.
சீட்டு வீட்டுக்கு" என்று
மேலே மூன்று பேர் பெயரையும் எழுதினார் மேடம்.

பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் எனக்குப் பதினெட்டு வருஷம்.
இரவு கடை சாத்தும்போது
விற்காத பப்ஸ், ஓரம் நசுங்கிய தேங்காய் பன்
ஒரு கவரில் எனக்கு.
பத்தரைக்கு அந்தக் கவர் சலசலத்த பிறகுதான்
அவன் தூங்குவான்.
நான் ஊட்டி வளர்த்தேன் என்று சொல்ல
எனக்கு இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

முதல்நாள் கவர் இல்லாமல் போனேன்.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான்.
வெறுங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.
மறுநாள் முதலாளி கேட்டார்:
"என்ன, சுகரா?"

வடுவூரிலிருந்து வந்த மச்சான்
தட்டைப் பார்த்துக் கொதித்தான்.
"நெல்லு வெளையிற ஊர்ல சோத்த அளக்குறீங்களே.
வளர்ற புள்ள வயித்துல அடிக்காதீங்க."
தவமணி ஒன்றும் பேசாமல் அவன் தட்டிலும்
இரண்டே கரண்டி வைத்தாள்.
முருங்கைக்கீரையை மட்டும் மலையாகக் குவித்தாள்.

மூன்றாவது கரண்டிக்கு ஒரு சட்டம் உண்டு:
டிவியை அணைத்துவிட்டுப்
பத்து நிமிஷம் பேச வேண்டும்.
அப்புறமும் பசித்தால் போட்டுக்கொள்ளலாம்.

என்ன பேசுவது என்று தெரியாமல்
பிசுக்குப் பிடித்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு
முதல் வாரம் போனது.
இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
ரசம் ஆறிக்கொண்டிருக்கும்போது சொன்னான்:
"கிளாஸ்ல என்ன ஜேசிபின்னு கூப்பிடுவாங்கப்பா."
எத்தனை நாளாக?
"மூணாவதுல இருந்து."
இப்போது ஐந்தாவது.
இரண்டு வருஷம் நான் அவனுக்குப்
பப்ஸ் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

அன்று மூன்றாவது கரண்டி
யாருக்கும் நினைவில்லை.

விடியற்காலையில் ஹரித்ராநதியைச் சுற்றினோம்.
நாலு கரையில்
இரண்டாவது கரையிலேயே உட்கார்ந்தது நான்தான்.
தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு
அவனும் உட்கார்ந்தான், எனக்காக,
தனக்கு மூச்சு வாங்காததுபோல் காட்டிக்கொண்டு.
தவமணி எங்களைத் தாண்டிப் போனாள்.
திரும்பியும் பார்க்கவில்லை.

மே மாதக் கணக்கு, அபினேஷ் கையெழுத்தில்:
அவன் ஐம்பத்தெட்டரை. நான் தொண்ணூற்றிரண்டு.
அம்மாவுக்கு நேராக ஒரு கோடு.
"அரைக் கிலோதானா?" என்று நான் இழுத்தேன்.
மேடம் அவனைச் சுவரோடு நிற்கவைத்து அளந்து
"ஒரு சென்டிமீட்டர் வளந்திருக்கான். அதையும் எழுதுங்க" என்றார்.

மேட்டூர் திறந்து எட்டாம் நாள்
பாமணிக்குத் தண்ணீர் வந்தது.
காய்ந்த மணலில் நுரையும் சருகும் ஒரு செருப்புமாய்
அதன் முனை.
பையன்கள் தோண்டிய ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று
அது நிரம்பியபின்தான் நகர்ந்தது.
"நம்மள விட ஸ்லோப்பா இது" என்றான்.
கரையில் அதோடு நடந்தான்.
பிறகு முந்தினான்.
பிறகு, யாரும் சொல்லாமல், ஓடினான்,
சட்டை மேலேறி வயிறு தெரிய,
இழுத்துவிடக்கூட நினைக்காமல்.

பாலத்தில் நின்று கையாட்டுகிறான்.
தவமணி போய்ச் சேர்ந்துவிட்டாள்.
தண்ணீரும் வந்துவிட்டது.
நான்தான் இன்னும்.